வணிகர் கட்டிய வீடுகள்: செட்டிநாடும் பார்சிலோனாவும் தாமிரபரணிக் கரையும்

செட்டிநாட்டு வீடுகள் என்பவை இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில், நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஏறத்தாழ 1850 முதல் 1950 வரையிலான நூறாண்டுகளில் கட்டிய பெரிய வீடுகள். இதே காலத்தின் நடுப்பகுதியில் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவிலும் வணிகர்களும் ஆலை முதலாளிகளும் புதுமையான வீடுகளைக் கட்டினர். பார்சிலோனா நகரில் அன்டோனி கௌடி என்ற கட்டடக் கலைஞர் அமைத்த வீடுகள் அவற்றுள் புகழ்பெற்றவை. இவ்விரு வகை வீடுகளும் ஒன்றையொன்று அறியாமல் எழுந்தவை. ஆயினும் கடல் கடந்து வந்த செல்வம், வண்ணத் தரைக்கற்கள், வீட்டின் நடுவே வெளிச்சம் இறங்கும் முற்றம் என ஒப்பிடத்தக்க பல கூறுகள் இவற்றில் உள்ளன. கட்டியவர்களின் செல்வம் மறைந்தபின் அவை எப்படி நிலைத்தன, எப்படி அழிந்தன என்பதையும், அதிலிருந்து தாமிரபரணிக் கரையில் வாழும் நாம் கற்க வேண்டியது என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஆத்தங்குடிக்கு ஒரு பயணம்

திருநெல்வேலியிலிருந்து மதுரை வழியாகக் காரைக்குடி சென்று, அங்கிருந்து ஆத்தங்குடியை அடையலாம். நான் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களை அவ்வூருக்கு அழைத்துச் சென்றேன். ஆத்தங்குடிப் பெரிய வீடு, லட்சுமி வீடு என்ற பெயர்களால் அறியப்படும் மாளிகை அங்கே கட்டணம் பெற்றுக்கொண்டு பார்வையாளர்களை அனுமதிக்கிறது. திரைப்படங்களில் அதைப் பார்த்திருந்த மாணவர்கள், உள்ளே நுழைந்ததும் எந்தப் படத்தில் எந்தத் தூண் வந்தது என்று பேசத் தொடங்கிவிட்டனர்.

எனக்கு நினைவில் நிற்பது அந்த மாளிகையைவிட, திரும்பும் வழியில் வேறோர் ஊரில் நாங்கள் பார்த்த பூட்டிய வீடு ஒன்றே. தெரு நெடுக அதன் சுவர் நீண்டு கிடந்தது. திண்ணையில் காவற்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் மாணவன் ஒருவன் அவரிடம் கேட்டான்: "தாத்தா, இந்த வீட்ல யாரு இருக்கா?" அவர் சொன்னார்: "யாரும் இல்ல தம்பி. எல்லாரும் வெளியூர்ல. கல்யாணம், படைப்புன்னா வருவாக. அன்னைக்கு மட்டும் பாரு, இலை போட எடம் பத்தாது."

ஆண்டில் ஓரிரு நாள் மட்டும் நிறையும் அந்த வீட்டை யார் காப்பாற்றுவது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னிடம் உள்ளது. இக்கட்டுரை அதற்கு விடை தேடும் முயற்சி.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு

செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் நேர்க்கோட்டில் அமைந்து ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. பெரும்பாலான வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்வாசலில் நின்று பார்த்தால், எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும்போது, பின்வாசல் வரை பார்வை ஓடும்.

முதலில் வருவது முகப்பு. அதன் இருபுறமும் உயர்ந்த திண்ணைகள் உண்டு. வட்டித்தொழில் பேச்சும் கணக்குப்பிள்ளைகளின் வேலையும் இங்கே நடந்தன. முகப்பைக் கடந்தால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றமும், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கிய தாழ்வாரமும், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகளும் அமைந்த பகுதி இது. அதன்பின் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று உணவுக் கூடமும் அடுப்படியும் கிணறும் தோட்டமும் தொடர்கின்றன.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. நம் ஊரில் 'வளவு' என்றால் ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் அடங்கிய வரிசை வீடுகள் என்று பொருள். செட்டிநாட்டில் அது வீட்டின் உள்முற்றப் பகுதி. நாம் 'பட்டாசல்' என்று சொல்லும் கூடத்தை ஒத்த சொல்லாக அங்கே 'பட்டாலை' வழங்குகிறது. சொற்கள் நெருங்கியவை, வீடுகள் வேறானவை.

வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குக் காரணம் நகரத்தாரின் குடும்ப முறை. மகனுக்குத் திருமணம் ஆனதும் அவனும் மனைவியும் ஒரு 'புள்ளி' ஆவர். அவர்களுக்கு வீட்டிற்குள்ளேயே ஓர் அறையும் தனி அடுப்பும் ஒதுக்கித் தரப்படும். இதை 'வேறு வைத்தல்' என்பர். ஒரே கூரையின்கீழ் பல அடுப்புகள் எரிந்தன. ஆனால் வரவு செலவு அவரவருடையது. பெண்ணுக்குச் சீராக வந்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் முதலிய சாமான்கள் அந்த அறைகளில் பூட்டி வைக்கப்பட்டன. எனவே இவ்வீடு ஒரு குடும்பத்தின் மாளிகை மட்டுமன்று, பங்காளிகள் பலரின் கூட்டு உடைமையும் ஆகும். இதை நினைவிற் கொள்ள வேண்டும். வீட்டின் பிற்கால வரலாறு இதைச் சார்ந்தே அமைந்தது.

கட்டுமானப் பொருள்கள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்தன. தூண்களுக்கும் கதவுகளுக்கும் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலியச் சலவைக்கல், சுவரின் அடிப்பகுதிக்கு ஜப்பானிய, ஐரோப்பியப் பூ ஓடுகள், கூடத்திற்குப் பெல்ஜியம் கண்ணாடி, மாடிக்கு இங்கிலாந்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் எனக் கப்பலேறி வந்தவை பல. கானாடுகாத்தானில் 1912-ஐச் சேர்ந்த செட்டிநாட்டு அரண்மனை இவ்வகைக்குப் புகழ்பெற்ற சான்று. ஆனால் சுவர்ப்பூச்சு முற்றிலும் உள்ளூர் அறிவு. சுண்ணாம்பைப் பலமுறை அரைத்து, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசி, மேற்பூச்சில் முட்டையின் வெண்கருவைக் கலந்து தேய்த்தனர். இப்பூச்சு சலவைக்கல்போல மினுங்கும். கோடையில் கை வைத்தால் குளிர்ந்திருக்கும்.

பார்சிலோனாவின் வணிகர் வீடுகள்

கட்டலோனியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய கலை இயக்கத்தை 'மாடர்னிஸ்மே' என்று அழைக்கின்றனர். கட்டலான் மொழிக்கும் பண்பாட்டுக்கும் புத்துயிர் தேடிய எழுச்சியோடு சேர்ந்து வளர்ந்தது இது. உள்ளூர்க் கைவினைஞர்களின் செங்கல் வேலை, ஓட்டு வேலை, இரும்பு வேலை ஆகியவற்றைப் புதிய கட்டட முறைகளோடு இது இணைத்தது. அன்டோனி கௌடி (1852-1926) இதன் தலைசிறந்த கலைஞர். அவ்வீடுகளை நான் நூல்களிலும் படங்களிலும் மட்டுமே கண்டிருக்கிறேன். செட்டிநாட்டோடு ஒப்பிடத் தகுந்த மூன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

காசா விசென்ஸ் கௌடியின் தொடக்ககால வீடு. 1883-1885இல் நாணய மாற்றுத் தரகரான மானுவேல் விசென்ஸ் என்பவருக்காகக் கட்டப்பட்டது. மனையில் மஞ்சள் நிறத் துலுக்கச் சாமந்திகள் பூத்திருந்ததால் அப்பூவையே வெளிச்சுவர் ஓடுகளில் வரையச் செய்தார். அங்கிருந்த பனைவகைச் செடியின் இலை வடிவம் இரும்புக் கதவில் வார்க்கப்பட்டது. மண்ணில் இருந்த செடியைச் சுவரில் நிலைநிறுத்திய வீடு எனலாம்.

காசா பட்லோ 1877-ஐச் சேர்ந்த பழைய கட்டடம் ஒன்றை 1904-1906இல் மாற்றியமைத்து உருவானது. உடைமையாளர் ஜோசப் பட்லோ துணி ஆலை முதலாளி. உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் கண்ணாடித் துண்டுகளையும் பதித்த அதன் முகப்பைப் படத்தில் பலரும் பார்த்திருப்பர். எனக்கு வியப்பளிப்பது அதன் உள்முற்றம். இருபுறமும் கட்டடங்கள் நெருக்கும் ஆழமான மனை அது. நடுப்பகுதிக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வர வேண்டும். ஆகவே முற்றத்தின் சுவரில் நீல ஓடுகளைப் பதித்து, மேலே அடர்நீலமும் கீழே இறங்க இறங்க வெளிர்நிறமும் வரச் செய்தார் கௌடி. வெயில் அதிகம் படும் மேல்தளச் சன்னல்கள் சிறியவை. வெளிச்சம் குறையும் கீழ்த்தளச் சன்னல்கள் பெரியவை. இதனால் எல்லாத் தளங்களிலும் வெளிச்சம் ஏறக்குறையச் சமமாகப் பரவுகிறது.

காசா மிலா 1906-1912இல் எழுந்தது. அலைபோல் வளைந்த கல்முகப்பைக் கண்ட நகரத்தார், அதாவது பார்சிலோனா நகர மக்கள், 'கல்குவாரி' என்ற பொருளில் அதைக் கேலியாக அழைத்தனர். இன்றும் அப்பெயரே வழங்குகிறது. அதன் மேல்தளத்தில் சுமார் 270 செங்கல் வளைவுகள் மொட்டைமாடியைத் தாங்கி நிற்கின்றன. அறைகளில் பதித்த அறுகோணச் சிமெண்ட் தரைக்கற்களில் கடல்வாழ் உயிரினங்களும் பாசியும் புடைப்பாக அமைந்துள்ளன. அதே வடிவம் இன்று அவ்வீட்டின் முன்னுள்ள பெருஞ்சாலையின் நடைபாதைகளில் பதிக்கப்பட்டிருக்கிறது.

தரைக்கல்லில் ஓர் உறவு

சிமெண்டில் வார்க்கும் வண்ணத் தரைக்கல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென் பிரான்சில் உருவாகி, பார்சிலோனா உட்பட மத்தியதரைக்கடல் ஊர்களுக்குப் பரவியது. ஐரோப்பியர் சென்ற நாடுகளுக்கெல்லாம் அதுவும் சென்றது. இந்தியாவில் இத்தகைய கற்களைச் செய்யும் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்று 1922இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. ஆத்தங்குடிக் கல் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் செய்முறையில் தனித்தன்மை உடையது.

ஆத்தங்குடிப் பட்டறைகளில் இன்றும் கையால்தான் கல் செய்கிறார்கள். செய்முறை இதுதான். ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து அதன்மேல் இரும்புச் சட்டம் வைக்கிறார்கள். பூ வடிவம் வேண்டுமானால், தகட்டால் செய்த அச்சைச் சட்டத்திற்குள் பொருத்துகிறார்கள். வண்ணப்பொடி கலந்த சிமெண்ட்க் கூழை அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மெல்லத் தூக்கி எடுத்தால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்ட்-மணல் கலவையைத் தூவி ஈரத்தை உறிஞ்சச் செய்து, பின் காரை வைத்து அழுத்திச் சமன்செய்கிறார்கள். கல் இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறப்போட்டு, பிறகு வெயிலில் காயவைக்கிறார்கள். கண்ணாடி தானாகக் கழன்று வரும். கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் அப்படியே தங்கிவிடுகிறது.

இக்கல்லுக்குச் சூளை தேவையில்லை. சுடாமலே தண்ணீராலும் காலத்தாலும் இறுகுகிறது. மற்றொரு சிறப்பும் உண்டு: நடக்க நடக்க இதன் பளபளப்பு கூடும். ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில் நூறாண்டு ஆனாலும் தரை மங்காது. பூட்டிய வீட்டில் புழுதி படிந்து பொலிவிழக்கும். மேலே சொன்ன காவற்காரரின் விடையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், வீட்டின் நலம் அதில் ஆள் புழங்குவதைப் பொறுத்தது என்பது தரையிலேயே தெரிந்துவிடும்.

செல்வம் வந்த வழி

வீட்டின் அழகைச் சொல்லும்போது அதைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்வது வரலாற்று ஆசிரியரின் கடமை.

இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப்பின் 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. ஐராவதி ஆற்றுக் கழிமுகக் காடுகளை வெட்டி வயலாக்கிய பர்மிய உழவர்களுக்கு முதல் தேவைப்பட்டது. ஆங்கில வங்கிகள் அவர்களுக்குக் கடன் தரவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் செட்டியார்கள். இளைஞர்கள் வட்டிக்கடைகளுக்கு முகவர்களாகவும் கணக்குப் பார்க்கவும் சென்று, தவணை முடிந்து ஊர் திரும்பி, மீண்டும் சென்றனர். இலங்கை, மலேயா, சைகோன் ஆகிய இடங்களிலும் அவர்களுக்குக் கடைகள் இருந்தன. இவ்வாறு ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி ஊரில் வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் ஊருணியாகவும் பள்ளியாகவும் ஆயிற்று.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. உழவர்களால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமான நிலங்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தின் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் இறுதியில் அது ஏறத்தாழ 25 விழுக்காடு ஆயிற்று. நிலம் இழந்த பர்மிய உழவரின் சினத்தில் நியாயம் இருந்தது. நிலத்தை விரும்பிப் பெறாத, பணமாகத் திரும்பாத கடனில் மாட்டிக்கொண்ட செட்டியாரின் துயரத்திலும் உண்மை இருந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது பலரும் கால்நடையாகவே ஓடிவந்தனர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில உடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1960களில் வங்கிகளும் வணிகமும் நாட்டுடைமையாயின. வீடுகளைக் கட்டிய ஊற்று அத்துடன் வற்றியது.

கட்டலோனியாவின் கதையும் இதற்கு மிக அருகில் உள்ளது. கியூபாவுக்கும் பிற அமெரிக்க நாடுகளுக்கும் சென்று பொருளீட்டித் திரும்பியவர்களை அங்கே 'இந்தியானோ' என்று அழைத்தனர். அமெரிக்காவை 'இந்தியத் தீவுகள்' என்று குறித்த பழைய வழக்கத்தால் வந்த பெயர் இது. கௌடியை ஆதரித்த எவுசெபி குவெல் என்பவரின் தந்தை கியூபாவில் பொருளீட்டியவர். காசா மிலாவின் உடைமையாளரான ரோசர் செகிமோன் அம்மையாரின் முதல் கணவர் குவாத்தமாலாவில் காப்பித் தோட்டத்தால் செல்வரானவர். கியூபாவின் கரும்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் நடந்தவை. அங்கே அடிமை முறை 1886இல்தான் ஒழிந்தது. 1898இல் ஸ்பெயின் கியூபாவை இழந்தது. கட்டலோனியருக்குக் கியூபா எப்படியோ, நகரத்தாருக்குப் பர்மா அப்படி. அழகான தரைக்கல்லின் அடியில் கண் காணாத உழைப்பாளிகளின் வாழ்வும் இருக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

எது நின்றது, எது விழுந்தது

பார்சிலோனாவின் வீடுகள் எல்லாம் தொடக்கத்திலிருந்தே போற்றப்பட்டன என்று எண்ணிவிடக் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பாணி பழமைப்பட்டதாகவும் மிகையானதாகவும் கருதப்பட்டது. பூச் இ கடபால்க் என்ற புகழ்பெற்ற கலைஞர் 1904இல் கட்டிய காசா டிரிஞ்செட் 1968இல் இடிக்கப்பட்டது. காசா மிலாவில் அலுவலகங்களும் கடைகளும் இயங்கின. மேல்தளத்தில் புதிதாக வீடுகள் நுழைக்கப்பட்டன.

திருப்பம் பிறகுதான் வந்தது. கௌடியின் சில படைப்புகளை யுனெஸ்கோ 1984இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. காசா மிலா அவற்றுள் ஒன்று. 2005இல் காசா விசென்சும் காசா பட்லோவும் சேர்க்கப்பட்டன. காசா மிலாவை 1986இல் ஒரு சேமிப்பு வங்கி வாங்கிச் சீர்செய்து 1996இல் மக்களுக்குத் திறந்தது. காசா விசென்ஸ் நீண்டகாலம் குடியிருப்பாகவே இருந்து, 2014இல் ஒரு வங்கியால் வாங்கப்பட்டு, 2017இல் காட்சியகமாயிற்று. இன்று நுழைவுக் கட்டணமே அவ்வீடுகளைக் காக்கிறது. உடைமை ஒரு கையில் இருந்தது, சட்டம் இடிப்பதைத் தடுத்தது, பார்வையாளர் பணம் பழுதுபார்க்க உதவியது. இம்மூன்றும் சேர்ந்ததால்தான் அவை நிற்கின்றன.

செட்டிநாட்டில் இம்மூன்றும் ஒருங்கே அமையவில்லை. முன்பு சொன்ன கூட்டு உடைமை இங்கே இரண்டு விதமாகச் செயல்படுகிறது. பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்டாலன்றி வீட்டை விற்க முடியாது. ஆகவே பல வீடுகள் இன்றும் நிற்கின்றன. அதே பங்காளிகள் அனைவரும் பணம் போட்டாலன்றி ஓடு மாற்ற முடியாது. ஆகவே பல வீடுகள் ஒழுகுகின்றன. ஒரு தலைமுறையில் நால்வருக்கு இருந்த பங்கு மூன்று தலைமுறை கடந்ததும் நாற்பது பேருக்குப் போய்விடுகிறது. அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கூரையில் ஓர் ஓடு உடைந்தால் முதல் மழையில் தேக்கு விட்டம் நனையும். அடுத்த மழையில் உளுக்கும். பிறகு தேக்கின் விலையே வீட்டின் விலையாகிறது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கியுள்ள தூண்களும் கதவுநிலைகளும் பூ ஓடுகளும் இவ்வாறு பிரிந்த வீடுகளின் உறுப்புகள். நகர உணவகங்களில் நாம் வியந்து பார்க்கும் பழைய கதவு, ஏதோ ஓர் ஊரில் ஒரு வீடு இல்லாமற்போனதற்கான அடையாளம்.

மறுபக்கமும் உண்டு. சில வீடுகள் விடுதிகளாக மாறியுள்ளன. ஆத்தங்குடிப் பெரிய வீடு போன்றவை கட்டணத்தாலும் படப்பிடிப்பாலும் பராமரிக்கப்படுகின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இடம்பெற்றதனால் மட்டும் ஓடு மாற்றப்படுவதில்லை. ஆனாலும் தங்கள் வீட்டின் மதிப்பை உடைமையாளர்களே உணர அது உதவியிருக்கிறது. பலவற்றில் இன்னும் கோயில் திருவிழாவும் திருமணமும் படைப்பும் பங்காளிகளை அழைத்துவருகின்றன. சடங்கு இருக்கும்வரை கூரையை யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.

தாமிரபரணிக் கரை வீடுகள்

இனி நம் ஊருக்கு வருவோம். தாமிரபரணிக் கரையிலும் வணிகர் கட்டிய வீடுகள் உண்டு. கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த பிராமண வணிகர்கள் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் தென் தமிழகத்திலும் கேரளப் பகுதிகளிலும் வட்டித்தொழிலும் வணிகமும் செய்தவர்கள். வங்கித்தொழில் வரலாற்றில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு சேர்த்தே இவர்களும் குறிப்பிடப்படுகின்றனர். அவ்வூரிலும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வீரவநல்லூர் ஆகிய ஊர்களிலும் பழைய வீடுகள் இன்னும் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இவை செட்டிநாட்டு வீடுகளைப்போல் அகன்றவை அல்ல. அகலம் குறைந்து நீளம் மிகுந்த மனைகள். இருபுறச் சுவர்களும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒரே கோட்டில் நீளும். பார்சிலோனாவில் கௌடிக்கு இருந்த அதே சிக்கல்தான் நம் கொத்தனாருக்கும் இருந்தது: இருபுறமும் சன்னல் வைக்க வழியில்லாத வீட்டின் நடுவுக்கு வெளிச்சமும் காற்றும் எப்படிக் கொண்டுவருவது? அவர் கூரையில் ஒரு சதுரத்தைத் திறந்து விட்டார். வெயிலும் மழையும் நிலவும் அதன் வழியே கூடத்துக்கு வந்தன. தேக்கு விட்டங்களின்மேல் செங்கலைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெத்தை, காவி தேய்த்து மெருகேற்றிய சிவப்புத் தரை, எண்ணெய் தடவிய நிலைக்கதவு ஆகியவையே இவ்வீடுகளின் அணிகலன்கள். கட்டியவரின் பெயரை நாம் எங்கும் எழுதிவைக்கவில்லை.

நம் பகுதியில் அரசு காக்கும் பழைய வீடுகள் சில உண்டு. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீடும், ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லமும் நினைவில்லங்களாகப் பேணப்படுகின்றன. இவ்விரண்டும் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. 1986 முதல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளன. இவை காக்கப்படுவது பெரியோர் பிறந்த இடம் என்பதால். அது வேண்டியதே. ஆனால் பெரியோர் எவரும் பிறக்காத வீட்டுக்கும் வரலாறு உண்டு. அதைக் கட்டிய கொத்தனார், தச்சர், சுண்ணாம்பு அரைத்த பெண்கள், அடுக்களையில் வாழ்நாளைக் கழித்தவர்கள் ஆகியோரின் வரலாறு அது. அதற்கு நம்மிடம் நினைவில்லம் இல்லை.

தெருவுக்கு ஒன்றாக இவ்வீடுகள் இடிந்து வருகின்றன. இடிப்பவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. முற்றத்தில் மழை விழுந்து கூடம் நனைவதும், முதியவர்கள் உயர்ந்த படியேறுவதும், சாமான்கள் கிடைக்காமல் சுண்ணாம்பு வேலைக்கு ஆள் தேடுவதும் அவர்களுக்குத்தான் தெரியும். என் தாத்தா கட்டிய வீட்டையும் நாங்கள் பங்காளிகள் ஏழு பேர் சேர்ந்து விற்றோம். கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். இன்று அந்த மனையில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. விற்பதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து அந்த வீட்டை அளந்து ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கலாம். வரலாறு கற்பித்தவனுக்கே அது அன்று தோன்றவில்லை.

நாம் செய்யக்கூடியவை

எல்லா வீடுகளையும் காக்க முடியாது, எழுதிவைக்க முடியும். அதற்குப் பெரும் பணமோ சட்டமோ தேவையில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் வீட்டு உரிமையாளரின் இசைவோடு பின்வருவனவற்றைச் செய்யலாம்.

வீட்டின் நீள அகலங்களை அளந்து, எந்த அறை எங்கே என்று தரைப்படம் வரைதல். ஒவ்வொரு பகுதியையும் அவ்வீட்டார் எந்தச் சொல்லால் அழைக்கின்றனர் என்று கேட்டு எழுதுதல். பட்டாசல், தார்சா, அங்கணம், தட்டட்டி போன்ற சொற்கள் வீட்டோடு சேர்ந்தே மறைபவை. மரம், கல், ஓடு எங்கிருந்து வந்தன, யார் கட்டினார்கள் என்று வயதானவர்களிடம் விசாரித்தல். பழைய கணக்கு நோட்டு, பாகப் பத்திரம் ஆகியவற்றில் வீடு பற்றிய வரிகள் இருந்தால் படியெடுத்தல். கூடம், முற்றம், கதவு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தல்.

செட்டிநாட்டுக்குச் செல்பவர்களும் மாளிகைகளோடு நின்றுவிடாமல் ஆத்தங்குடிக் கல் பட்டறையையும் பார்த்து வர வேண்டும். புதுவீடு கட்டுபவர் ஓர் அறைக்காவது அக்கல்லை வாங்கிப் பதித்தால், அந்தக் கைத்தொழில் இன்னொரு தலைமுறைக்கு நீடிக்கும். பார்சிலோனா தன் கடல்வாழ் உயிரினக் கல்லை வீட்டுக்குள்ளிருந்து நடைபாதைக்குக் கொண்டுவந்தது. நம் ஆத்தங்குடிக் கல்லும் காட்சிப்பொருளாக முடங்காமல் மக்கள் நடக்கும் தரையாக இருப்பதே நல்லது.

பெரிய வீடு கட்டுவதற்குச் செல்வம் போதும். அது நிலைப்பதற்கு உடையவர்களுக்குள் இசைவும், வீட்டுக்கு இன்றும் ஒரு பயனும் வேண்டும். அவை இல்லாத இடத்தில், குறைந்தது அதன் தரைப்படமும் பெயர்களுமாவது ஒரு பள்ளி நோட்டில் இருக்கட்டும்.